பழைய காரின் மைலேஜ்: இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி: ராசிபுரத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2009-ஆம் ஆண்டு மாருதி வேகன்ஆர் எல்எக்ஸ்ஐ பெட்ரோல் கார் உள்ளது. வேலைக்காகத் தினமும் நாமக்கல் சென்று வருகிறேன். மாதம் சுமார் 1,000 கி.மீ. ஓடும். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வரை லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 11 தான் கொடுக்கிறது. இடையில் ஒருமுறை வண்டி சூடாகி நின்றபோது, நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று சொல்லி மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். அதன்பின் சூடாவதில்லை, வெப்பநிலை முள் கீழேயே நிற்கிறது. சென்ற ஆண்டு 145/80 ஆர்13 டயருக்குப் பதிலாக 155/80 ஆர்13 போட்டேன். இன்ஜின் வேலை செய்தால்தான் மைலேஜ் வரும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார் மெக்கானிக். பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்கிறார் நண்பர். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம் என்கிறார் இன்னொருவர். செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் கடிதத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. இன்ஜினைப் பிரிக்கும் முடிவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மைலேஜ் குறைந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக இன்ஜினைப் பிரிப்பது, காய்ச்சல் எதனால் வந்தது என்று பாராமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதைப் போன்றது. பதினைந்து வயதைக் கடந்த வண்டிகளில் மைலேஜ் பெரும்பாலும் நான்கைந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போகிறது. ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பணத்தை வெளியே எடுக்க வேண்டும்.

முதலில் அந்த 11 என்ற எண்ணைச் சரிபார்த்துக்கொள்வோம். ஐந்நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் பெட்ரோல் போட்டு, எரிபொருள் முள்ளைப் பார்த்துக் கணக்கிட்டால் வரும் எண்ணை நம்ப முடியாது. ஒரே பெட்ரோல் பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி தானாக நிற்கும் வரை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அமுக்கி நிரப்பச் சொல்ல வேண்டாம். 300 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டிய பிறகு அதே இடத்தில் அதே முறையில் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை இம்முறை நிரம்பிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பதே உண்மையான மைலேஜ். தொடர்ந்து மூன்று முறை இப்படிச் செய்து சராசரி எடுங்கள். ஒரு முறை மட்டும் பார்த்தால் நிரப்புவதில் ஏற்படும் சிறு வித்தியாசமே கணக்கைக் குழப்பிவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு திருத்தமும் செய்ய வேண்டும். 145/80 ஆர்13 டயரின் மொத்த விட்டம் சுமார் 562 மி.மீ.; நீங்கள் மாற்றிய 155/80 ஆர்13 டயரின் விட்டம் சுமார் 578 மி.மீ. சக்கரம் பெரிதானதால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் போகிறது. ஓடோமீட்டருக்கு அது தெரியாது. ஆகவே நீங்கள் 103 கி.மீ. ஓடினால் மீட்டர் 100 என்று காட்டும். உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் 11 அல்ல, 11.3. ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் இதே அளவுக்குக் குறைந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்து ஓட்டுங்கள்.

அடுத்து இ20. அதைச் சொன்னவர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்கு ஏற்றவாறு சரிசெய்யப்பட்ட கார்களில் 20 சதவீதக் கலப்பினால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் நீங்கள் 10 சதவீதமோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் போட்டிருப்பீர்கள் என்பதால், அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் 3 முதல் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அப்படியானால் 15 என்பது பெட்ரோலால் 14.4 ஆகவும், டயரால் மீட்டர் கணக்கில் 14 ஆகவும் குறைந்திருக்கலாம். 14-லிருந்து 11-க்கு வந்ததற்கு எத்தனாலைக் குறை சொல்ல வழியில்லை. அந்த மூன்று கிலோமீட்டரைத்தான் நாம் தேட வேண்டும்.

என் கண் முதலில் போய் நிற்பது தெர்மோஸ்டாட்டில்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் இதைக் கழற்றி எறிவது நெடுங்காலப் பழக்கம். இந்தப் பழக்கம் எவ்வளவு பெட்ரோலை வீணாக்குகிறது என்பதை எண்ணினால் எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள சிறிய வால்வு. அதனுள் உள்ள மெழுகு 80 டிகிரியைத் தாண்டிய பிறகே உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி விரைவாகச் சூடேறும். வால்வு இல்லையென்றால், சாவியைத் திருகிய நொடியிலிருந்தே தண்ணீர் முழுவதும் ரேடியேட்டர் வழியாக ஓடி, நெடுஞ்சாலைக் காற்றில் குளிர்ந்துகொண்டே இருக்கும். இன்ஜின் தனக்குரிய வெப்பநிலைக்கு வந்து சேர நெடுநேரமாகும், அல்லது வராமலே போகும்.

கார்புரேட்டர் வண்டிகளில் இதன் பாதிப்பு குறைவாக இருந்திருக்கலாம். உங்கள் வண்டியோ எம்பிஎஃப்ஐ இன்ஜின் கொண்டது; அதாவது வண்டியில் உள்ள சிறு கணினியே பெட்ரோலை அளந்து சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது. குளிரூட்டும் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு சென்சார் அளந்து கணினிக்குச் சொல்கிறது. தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொன்னால், இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று எடுத்துக்கொண்டு கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றுகிறது. பழைய வண்டிகளில் சோக் இழுத்து ஓட்டியதைப் போன்ற நிலைதான் இது. அதோடு, குளிர்ந்த சிலிண்டர் சுவரில் படியும் பெட்ரோல் ஆவியாகாமல் வழிந்து ஆயிலில் கலந்து, ஆயிலின் வழவழப்பைக் கெடுத்து, பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கிறது. மெக்கானிக் இப்போது சொல்லும் இன்ஜின் வேலையை அவர் அன்று செய்த வேலையே விரைவாகக் கொண்டுவரக்கூடும்.

ஆகவே புதிய தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும் போடச் சொல்லுங்கள். பொருளும் கூலியும் சேர்ந்தாலும் பெரிய தொகை ஆகாது. ஆனால் அதை மாட்டிய உடனே பழைய நோய் திரும்பி வரலாம் என்பதையும் எதிர்பாருங்கள். அன்று வண்டி எதனால் சூடானது என்பது இன்னும் தெரியவில்லை. ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். விசிறி உரிய நேரத்தில் சுழலாமல் இருக்கலாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போயிருக்கலாம். கூலன்ட் என்ற குளிரூட்டும் திரவத்தை ஊற்றாமல் போர்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கலாம். இந்த நான்கையும் பார்த்து, ரேடியேட்டரைக் கழுவி, சரியான அளவில் கூலன்ட் கலந்து நிரப்பிய பிறகே வால்வை நம்பி வண்டியை எடுக்க வேண்டும். பத்து நிமிட ஓட்டத்துக்குள் முள் நடுவுக்கு அருகே வந்து அங்கேயே நிற்க வேண்டும். முள் சரியாக நின்றும் மைலேஜ் வரவில்லையென்றால், கணினிக்குச் செய்தி சொல்லும் வெப்பநிலை சென்சாரைத் தனியே சோதிக்கச் சொல்லுங்கள். முள்ளுக்கான சென்சார் வேறு, கணினிக்கான சென்சார் வேறு என்று அமைந்த வண்டிகள் உண்டு.

இன்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கிறதா என்பதை அறிய உங்களிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழைத்தான் சொல்கிறேன். அதை வாங்கி டேஷ்போர்டு அறையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். பாரத் ஸ்டேஜ் 2, 3 என்ற புகை விதிகளின்படி தயாரான பெட்ரோல் கார்களுக்கு, வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங் நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் 750 பங்கு) மிகக்கூடாது என்பது விதி. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு போய், சோதனைக் குழாயை உண்மையாகவே சைலன்சருக்குள் விட்டு அளக்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு வரம்பைத் தொட்டோ தாண்டியோ இருந்தால் பெட்ரோல் முழுமையாக எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். தெர்மோஸ்டாட் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அளந்து இரண்டு எண்களையும் ஒப்பிட்டால், போட்ட பணம் பலன் தந்ததா என்று அன்றே தெரிந்துவிடும்.

இரண்டாவது சான்று ஸ்பார்க் பிளக். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து, இன்ஜின் ஆறிய பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று தெரியும்படி வரிசையாக வைக்கச் சொல்லி, நீங்களே குனிந்து பாருங்கள். நுனியில் உள்ள பீங்கான் வெளிர் பழுப்பு நிறத்தில், பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் உலர்ந்த கரி நான்கிலும் இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. கருப்பாகவும் ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஆயில் ஏறுகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையோ காயிலையோ வயரையோ சந்தேகிக்க வேண்டும். எந்த நிறமாக இருந்தாலும், பிளக் மாற்றி நீண்ட நாளாகியிருந்தால் புதிதாகப் போட்டுவிடுங்கள். பிளக் நுனியில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து அளந்து போட வேண்டும்.

தண்ணீர் வெப்பநிலை சரியாகியும் நான்கு பிளக்கிலும் கரி தொடர்ந்தால் அடுத்த சந்தேகம் ஆக்சிஜன் சென்சார் மீது. காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற எடை விகிதத்தில் கலக்கின்றனவா என்று புகையைப் பார்த்துச் சொல்லும் கருவி அது. அது செயலிழந்த வண்டியைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட உயர வாய்ப்புண்டு என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. உங்களுக்கு அவ்வளவு கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தச் சிறு கருவியைப் புறக்கணிக்கக் கூடாது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். சாவியை ஆன் செய்யும்போது மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைகிறதா என்று பாருங்கள். தொடக்கத்திலும் எரியவில்லையென்றால் பல்பு போயிருக்கிறது. கணினி குறை சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. கணினி பதிந்துவைத்த குறைகளைப் படிக்க ஸ்கேனர் வேண்டும்; 2009 வண்டியில் இணையத்தில் விற்கும் மலிவு ஸ்கேனர்கள் பல நேரம் இணைப்பே பெறாது. மாருதி வண்டிகளுக்கான ஸ்கேனர் உள்ள பட்டறையில் பாருங்கள்.

இன்ஜினுக்கு வெளியே மைலேஜைத் தின்னும் பெரிய இடம் பிரேக். மைலேஜ் பற்றிய பேச்சில் பலரும் இதை நினைப்பதே இல்லை. பின் சக்கர டிரம்முக்குப் போகும் ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறினால், லீவரை இறக்கிய பிறகும் முழுமையாகத் திரும்பாது. முன் சக்கரத்தில் பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கான உலோக ஊசிகள் கிரீஸ் உலர்ந்து இறுகினால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. இன்ஜின் இழுக்கிறது, பிரேக் பிடிக்கிறது, நடுவில் பெட்ரோல் போகிறது. போக்குவரத்து இல்லாத சாலையில் ஐந்தாறு கி.மீ. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி, மெல்ல நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் ரிம் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கையும் டிரம்மையும் தொட வேண்டாம், சுட்டுவிடும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு பட்டறையில் ஜாக்கி போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுழற்றச் சொல்லுங்கள். உராயும் ஓசை அதிகமின்றிச் சில சுற்றுகள் தானாகச் சுழல வேண்டும். முன் சக்கரம் கியர் பெட்டியின் பாகங்களையும் சேர்த்துச் சுழற்றுவதால் அவ்வளவு எளிதாகச் சுழலாது. அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். பிரேக் ஒட்டுவது மைலேஜுக்கு மட்டுமின்றி உயிருக்கும் தொடர்புடையது என்பதால் இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

டயர் காற்றை வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், காலையில் அளக்க வேண்டும். அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். பங்கில் இருப்பவர் உத்தேசமாகச் சொல்லும் எண்ணை ஏற்க வேண்டாம். நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் போகும். சிறிய எண்தான், ஆனால் பத்து பிஎஸ்ஐ குறைந்து ஓடும் கார்களைத் தினமும் காண்கிறோம். புது டயர் போட்டபோது வீல் அலைன்மென்ட் பார்க்கவில்லையென்றால் இப்போது பார்த்துவிடுங்கள். டயரின் ஓரத்தைக் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப் பக்கம் ரம்பம்போலவும் இருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது.

ஆயிலில் பல பட்டறைகள் பழைய வண்டி என்றாலே 20டபிள்யூ-50 என்ற கெட்டியான தரத்தை ஊற்றிவிடுகின்றன. உங்கள் கையேடு அதைவிட மெல்லிய தரத்தைச் சொல்லியிருந்தால், ஆயில் குறையாத இன்ஜினுக்கு அதையே ஊற்றுங்கள். ஒன்றிரண்டு சதவீதம் மிஞ்சும். ஏர் ஃபில்டரைப் பற்றி மட்டும் பரவலான நம்பிக்கைக்கு மாறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடைத்த ஏர் ஃபில்டரால் கார்புரேட்டர் வண்டியில்தான் மைலேஜ் தெளிவாகக் குறையும். கணினி பெட்ரோலை அளந்து ஊற்றும் வண்டிகளில் இழுவை குறைகிறதே தவிர மைலேஜில் பெரிய மாற்றம் இல்லை என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் சோதித்துக் காட்டியிருக்கிறது. தூசியிலிருந்து இன்ஜினைக் காக்க அதை மாற்றுங்கள். மைலேஜ் வரும் என்று எதிர்பார்த்து மாற்ற வேண்டாம்.

காந்தம் வாங்காதீர்கள். பெட்ரோலைச் சேமிக்கும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க பலன் தந்தது என்று எதையும் அதனால் காட்ட முடியவில்லை. விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோலும் உங்கள் இன்ஜினுக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தில் எரிபொருள் ரப்பர் குழாய்களை மாற்றுங்கள். இ20-க்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் எத்தனால் ரப்பரை விரைவாகக் கெடுக்கக்கூடும். காலையில் பானெட்டைத் திறந்தவுடன் பெட்ரோல் வாடை அடித்தால், மைலேஜை மறந்து முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள். தீப்பிடிக்கும் அபாயம் அதில் உண்டு.

ஓட்டும் முறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆயினும் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. வேகன்ஆர் உயரமான வண்டி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. தினசரிப் பயணத்தில் நெடுஞ்சாலையில் 60-70-க்குள் சீராக ஓட்டினால் நீங்கள் இழப்பது சில நிமிடங்கள்தான். கூரையில் கேரியர் மாட்டியிருந்தால் பயன்படுத்தாத நாட்களில் கழற்றி வையுங்கள்.

இரண்டாவது, இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி அங்கே நியூட்ரலில் இறங்குவோரும் உண்டு. உங்கள் வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். இறங்கும் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கும். வண்டியின் முழு எடையும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போகும் நிலையும் வரலாம். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள்.

இனி இன்ஜின் வேலை. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்டை மெக்கானிக்கைச் செய்யச் சொல்லி, நான்கு சிலிண்டரின் எண்களையும் தாளில் எழுதி வாங்குங்கள். இன்ஜின் சூடாக, ஆக்சிலரேட்டர் முழுதும் மிதித்த நிலையில், நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு எடுத்த அளவாக இருக்க வேண்டும். நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்து, கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச அளவுக்கு மேலும் இருந்தால் இன்ஜின் வேலைக்கு அவசியமில்லை. ஒன்று மிகவும் குறைந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. உயரவில்லையென்றால் குறை பெரும்பாலும் வால்வில் இருக்கும், அதைச் சரிசெய்ய இன்ஜினின் மேல் பகுதியை மட்டும் கழற்றினால் போதும். இந்தத் தாள் இல்லாமல் எவர் சொன்னாலும் முப்பதாயிரத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

விற்பதைப் பற்றிக் கணக்காகவே பார்ப்போம். மாதம் 1,000 கி.மீ.க்கு இப்போது ஏறத்தாழ 91 லிட்டர் போகிறது. மைலேஜ் 14 ஆனால் 71 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் மாதம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். தெர்மோஸ்டாட், கூலன்ட், பிளக், பிரேக் வேலை ஆகியவற்றுக்கான செலவு அந்த மிச்சத்திலேயே சில மாதங்களில் திரும்பிவிடும். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பித்திருப்பீர்கள். அடியில் துரு இல்லாமல், கம்ப்ரெஷனும் சரியாக இருந்தால் விற்க அவசரப்பட வேண்டாம். அடிச் சட்டத்தில் துரு ஓட்டை விழுந்திருந்தால் நான் சொன்ன பிரேக் வேலையை மட்டும் செய்துகொண்டு வேறு வண்டி பாருங்கள். மற்ற நிலைகளில், தெர்மோஸ்டாட்டும் பிரேக்கும் முடிந்தபின் மூன்று ஃபுல் டேங்க் கணக்கை எடுத்துவிட்டு, கம்ப்ரெஷன் எண்களுடனும் இரண்டு புகைப் பரிசோதனை எண்களுடனும் மீண்டும் எழுதுங்கள். ஆக்சிஜன் சென்சாரை மாற்றலாமா, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யலாமா என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.